நாலில் மூன்று பங்கு

பதினோரு மணிக்குத்தான் கூப்பிடுவார்கள். அது தெரிந்தும் மங்கையர்க்கரசி ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டாள். சர்க்கரை ஆலையின் விருந்தினர் விடுதியில், விசாரணை நடக்கும் அறைக்கு வெளியே, நீளமான நடையில் இரண்டு மர பெஞ்சுகளை எதிரெதிரே போட்டிருந்தார்கள். ஒன்றில் உட்கார்ந்தாள். மின்விசிறிக்குக் கீழே இல்லையென்று தள்ளி உட்கார்ந்தாள். காகிதம் பறக்கிறதென்று பழைய இடத்துக்கே திரும்பினாள். மடியில் பச்சை அட்டைக் கோப்பு, அதற்குள் ஏழு பக்கம், ஏழும் அவள் எழுதியது, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவள் கையெழுத்து, அதற்குக் கீழே பாதுகாப்புப் பொறியாளர் என்று ரப்பர் முத்திரை. உள்ளே போக வேண்டியது, இது நீங்கள் எழுதியதுதானா என்று விசாரணை அதிகாரி கேட்பார், ஆமாம் என்று சொல்ல வேண்டியது, வெளியே வர வேண்டியது. செங்குட்டுவன் சார் நேற்று சொன்னது அப்படியே காதில் இருந்தது. "ஒரே ஒரு ஆமாம்தான் மேடம், பத்து நிமிஷம்கூட ஆகாது." கரும்பு யார்டுக்கு மேலாளர் அவர், சொன்னால் சொன்னபடி நடக்கும். அம்மா இந்நேரம் எதுவரை போயிருப்பாள்? வெள்ளிக்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் அம்மாவுக்கு டயாலிசிஸ், புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம், பஸ்ஸில் போய்த் திரும்பிய முதல் மூன்று மாதம் வீட்டுக்கு வந்ததும் கூடத்துத் தரையிலேயே படுத்துவிடுவாள், கட்டில்வரை நடக்க முடியாது. அதைக் கேள்விப்பட்டுத்தான் செங்குட்டுவன் சார் ஆலைக் காரை ஏற்பாடு செய்தார். இரண்டு வருஷமாகிறது. ஒரு தடவையாவது அவர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாதவரிடம்தான் அதிகம் பயமாக இருக்கிறது என்று நினைத்தாள், உடனே பயம் என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது, எதற்குப் பயம், என்ன தப்பு செய்துவிட்டேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டு கோப்பைத் திறந்தாள்.

முதல் பக்கம் நடந்தது என்ன என்று. தேதி, நேரம், பிற்பகல் மூன்று இருபது. ஆலைக்குள் பழைய காலத்துச் சின்னத் தண்டவாளம் ஒன்று இன்னும் இருக்கிறது, எடை போட்ட கரும்பை டிராலிகளில் ஏற்றி அரவைக்குக் கொண்டுபோக. காலி டிராலி இரண்டு டன், கரும்பு ஏற்றியது ஆறு டன். காலி டிராலிகள் நிற்கிற இடம் கொஞ்சம் மேடு, அங்கிருந்து தண்டவாளம் மெல்லச் சரிந்து சமதரைக்கு வரும். கலியமூர்த்தி, வயது நாற்பத்து மூன்று, டிராலிகளுக்குக் கொக்கி மாட்டுகிறவர், சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும் அவர் வேலைதான். கீழே கரும்பு டிராலியின் பின்பக்கம் குனிந்து சங்கிலியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு காலி டிராலி வந்து மோதியது. கொக்கிகள் தாமாகவே மாட்டிக்கொண்டன, இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து கொஞ்ச தூரம் நகர்ந்து நின்றன. கலியமூர்த்தியின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. நிர்வாகம் சொன்னது: மேட்டில் நின்ற காலி டிராலிக்குக் கட்டை வைக்காமல் இறங்கிவிட்டார், அது தானாக உருண்டு வந்தது, தன் கவனக்குறைவுக்குத் தானே பலியானார். அதற்காகத்தான் இந்த உள்விசாரணை, குற்றம் நிரூபணமானால் வேலைநீக்கம். தானாக உருண்டதா, அல்லது யாராவது தள்ளினார்களா என்று கண்டுபிடிக்கத்தான் அவளிடம் கேட்டார்கள். இரண்டாம் பக்கம் அளவுகள். கரும்பு டிராலியின் கைப்பிரேக் இறுக்கியிருந்ததால் அதன் சக்கரங்கள் சுழலாமல் தண்டவாளத்தில் இழுபட்டிருந்தன, அந்தத் தடத்தை அவளே முட்டிபோட்டு உட்கார்ந்து டேப் வைத்து அளந்தாள், தொண்ணூறு சென்டிமீட்டர். மேட்டின் உயரத்தையும் அளந்தாள், நாற்பது சென்டிமீட்டர், அவள் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. மூன்றாம் பக்கம் கணக்கு. அங்கே வந்ததும் பக்கத்தைத் திருப்பிவிட்டாள். ஏன் திருப்பினேன் என்று அவளுக்கே தெரியவில்லை. அதுதான் தெரிந்த கணக்காயிற்றே.

படியில் ஊன்றுகோல் சத்தம். கலியமூர்த்தி வந்துகொண்டிருந்தார், ஒவ்வொரு படியிலும் முதலில் கோல், பிறகு கால், பிறகு ஒரு மூச்சு. பின்னால் அவர் மனைவி அஞ்சலை, கையில் மஞ்சள் துணிப்பை, மறுகையை அவர் முதுகைத் தொடாமல் தொடுகிற தூரத்தில் வைத்துக்கொண்டு. எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மடித்துப் பின் குத்தியிருந்த பேண்ட் காலைப் பார்க்கக் கூடாதென்று அரசி சுவரைப் பார்த்தாள், சுவரில் ஸ்தாபகர் படம், அதன் மாலையில் தூசி, ஆலைச் சக்கையின் தூசி, அரவைப் பருவத்தில் இந்த ஊரில் எதன்மேல் விரல் வைத்தாலும் அதுதான், சோற்றில்கூட. பார்க்காமலிருப்பது அதைவிட மோசமாக இருந்தது. "எப்படி இருக்கீங்க கலியமூர்த்தி?" என்றாள். அவர் "இருக்கேன் மேடம்" என்றார், கோலைப் பெஞ்சில் சாய்த்தார், அது சரிந்தது, மறுபடி சாய்த்தார். அஞ்சலைதான் பேசினாள். பேசாமலிருக்க அவளால் முடியாது போலிருந்தது. "தூக்கத்துல காலு அரிக்குதுங்குறாரும்மா. இல்லாத காலு. சொறிஞ்சு விடுங்குறாரு. நான் எதைச் சொறியறது?" கலியமூர்த்தி அவளைப் பார்க்காமல் "சும்மா இரு" என்றார். அவள் இருக்கவில்லை. "அன்னிக்கு நான் லைன் வீட்டுல துணி அலசிட்டு இருந்தேன். பைப்படியில. ஒரு சத்தம் கேட்டுச்சு பாருங்க, இடி கணக்கா. எங்க வீட்டுக்கும் யார்டுக்கும் எவ்ளோ தூரம், நடுவுல ரோடு, சுவரு, மரம், எல்லாம் தாண்டிக் கேட்டுச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளை தூளியில இருந்து அலறிட்டு எழுந்திருச்சு. ஏதோ பாய்லருதான் போச்சுன்னு நெனச்சோம். இவரு காலுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" அரசி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அய்யோ என்றோ, பாவம் என்றோ, எது என்று முடிவாவதற்குள் அவள் மனம் வேறெங்கோ போய் எதிலோ இடறிக்கொண்டது.

சத்தம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடு யார்டிலிருந்து அரை கிலோமீட்டர். அரை கிலோமீட்டர் போகிற சத்தம் சும்மா வராது. அதற்கும் ஆற்றல் வேண்டும், எங்கிருந்தாவது எடுத்துத்தான் ஆக வேண்டும். மூன்றாம் பக்கத்தில் அவள் என்ன எழுதியிருக்கிறாள்? மோதுவதற்கு முன்னால் காலி டிராலியிடம் இருந்த ஆற்றல், மோதிய பிறகு சேர்ந்து ஓடிய இரண்டு டிராலியின் ஆற்றலுக்குச் சமம் என்று. அழகான சமன்பாடு. ஆற்றல் அழியாது. அழியாதுதான், ஆனால் வேறொன்றாகிவிடுமே, சத்தமாகிவிடுமே, சூடாகிவிடுமே, கொக்கியின் இரும்பு வாழைத்தண்டு மாதிரி வளைந்து கிடந்ததே, அதை வளைத்தது யார்? ஒட்டிக்கொண்டு ஓடுகிற மோதலில் ஓட்டத்தின் ஆற்றல் அப்படியே மிஞ்சாது என்பது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மிஞ்சுவது உந்தம் ஒன்றுதான். நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது, அதைச் சத்தம் தின்ன முடியாது, சூடு தின்ன முடியாது, முன்னால் எவ்வளவோ பின்னாலும் அவ்வளவு. அரசிக்குக் காதுக்குப் பின்னால் வியர்த்தது. பேனாவை எடுத்தாள், கோப்பின் உள் அட்டையில் எழுதினாள், எழுத்து சின்னதாக, எதிரே இருப்பவர்கள் பார்த்துவிடுவார்கள் என்பதுபோல. தடம் தொண்ணூறு சென்டிமீட்டர். உராய்வைக் கணக்கில் எடுத்தால் மோதிய உடனே இரண்டும் சேர்ந்து போன வேகம் நொடிக்கு ஒன்று புள்ளி நான்கு மீட்டர், இதில் சந்தேகமில்லை, இதுவரை எல்லாம் சரி. இனி உந்தம். சேர்ந்து எட்டு டன். எட்டு பெருக்கல் ஒன்று புள்ளி நான்கு, பதினொன்று புள்ளி இரண்டு. அது மோதலுக்கு முன்னால் இரண்டு டன் டிராலியிடம் மட்டும் இருந்திருக்க வேண்டும். இரண்டால் வகுத்தால் ஐந்து புள்ளி ஆறு. மறுபடி வகுத்தாள். ஐந்து புள்ளி ஆறு. அறிக்கையில் இருப்பது இரண்டு புள்ளி எட்டு. சரியாகப் பாதி. அப்படியானால் வேகம் இரண்டு மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் உருண்டு வர உயரம் நான்கு மடங்கு வேண்டும், நாற்பது நாலு நூற்றறுபது. நூற்றறுபது சென்டிமீட்டர் மேடு. அவள் உயரமே நூற்றைம்பத்தெட்டுதான். அவளைத் தலைக்கு மேல் தாண்டுகிற ஒரு மேடு அந்த யார்டில் எங்கே இருக்கிறது? முழங்கால் உயர மேட்டிலிருந்து, உராய்வே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், ஒரு டிராலி அந்த வேகத்துக்கு உருள முடியாது. தள்ளியிருக்கிறார்கள். டிராக்டரால் பின்னால் முட்டி, வேகமெடுத்து, டிராக்டர் மட்டும் பிரேக் போட்டு நின்றுகொள்ள டிராலியைத் தனியாக ஓட விட்டிருக்கிறார்கள். தட்டி விடுவது என்பார்கள் யார்டில். அப்படிச் செய்யக் கூடாது என்று விதியே இருக்கிறது, அவளே பலகையில் எழுதி மாட்டியது. மிச்ச ஆற்றலைக் கணக்குப் போட அவளுக்குத் தைரியம் வரவில்லை, கை மட்டும் போட்டுவிட்டது. மோதலுக்கு முன் இருந்ததில் கால் பங்குதான் ஓட்டமாக மிஞ்சியிருக்கிறது. நாலில் மூன்று பங்கு சத்தத்துக்கும் சூட்டுக்கும் இரும்புக்கும். இரும்புக்கு மட்டுமா. அவள் நிமிர்ந்தாள், மடித்துப் பின் குத்திய துணியை இப்போதுதான் முதல்முறையாக நேராகப் பார்த்தாள், பின் துருப்பிடித்திருந்தது.

இன்னும் முப்பத்தைந்து நிமிஷம். தவறிப்போய் நடந்துவிட்டது, அவ்வளவுதான், கணக்கில் தப்பு வராதா, யாருக்கும் வரும், உள்ளே போய்ச் சொல்லிவிட்டால் ஆயிற்று. சொன்னால்? டிராக்டரால் தள்ளச் சொன்னது யார் என்ற கேள்வி வரும். அன்று கரும்பு வண்டி வரிசை கேட்டைத் தாண்டி மெயின் ரோடு வரை நின்றது, அரவை நிற்கக் கூடாது, சீக்கிரம் சீக்கிரம் என்று வாக்கி-டாக்கியில் கத்திக்கொண்டிருந்த குரல் யாருடையது என்று யார்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா இப்போது திண்டிவனம் தாண்டியிருப்பாள். டிரைவரிடம் பாட்டைக் குறைக்கச் சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பாள், கழுத்துக்குக் கீழே அந்தச் சின்னத் தலையணை. அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ். காலை ஐந்தே முக்கால் பஸ், உட்கார இடம் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் கண்டக்டரிடம் சொல்லிக் கெஞ்ச வேண்டும், வரும்போது அம்மா முகம் ஈரச் சுவர் மாதிரி இருக்கும். டாக்சி வைத்துக்கொள்ளலாம், வாரம் இரண்டு முறை, முடியுமா, எத்தனை மாதம். கணக்கு என்றால் அதுவும் கணக்குத்தான், அதில் மட்டும் ஏன் தப்பே வருவதில்லை. அறைக் கதவு திறந்து செங்குட்டுவன் வெளியே வந்தார், எதிர் பெஞ்சைப் பார்க்காமலே நேராக அவளிடம். "என்ன மேடம், முகம் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டீங்களா இல்லையா?" "சாப்பிட்டேன் சார்." "அம்மா கிளம்பிட்டாங்களா? டயர் மாத்தச் சொல்லியிருந்தேன், மாத்திட்டானா?" "மாத்திட்டார் சார். காலையில சொன்னார்." அவர் குரலைத் தாழ்த்தினார். "விசாரிக்கிற பெரியவர் நல்ல மூடுல இருக்கார். கேட்டா ஆமாம்னுட்டு வந்துடுங்க. கூடக் குறையப் பேசினா இழுத்துக்கிட்டே போகும். பாவம், அவருக்கும்தான் சிரமம்" என்று கண்ணால் எதிர் பெஞ்சைக் காட்டினார். உண்மையிலேயே பாவம் என்றுதான் சொன்னார், பொய்யில்லை அந்தக் குரலில், அதுதான் அவளைத் தொந்தரவு செய்தது. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும். அவள் கோப்பை மூடி, உள் அட்டை தெரியாமல் கையை மேலே வைத்துக்கொண்டாள். "சரி சார்" என்றாள். எதற்குச் சரி என்றாள்? அவர் போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது.

தவறிப்போய். அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள், தவறிப்போய், தவறிப்போய், ஆறேழு தடவை சொன்னதும் அது சொல்லாக இல்லாமல் சத்தமாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், இன்ஜினியரிங் கல்லூரியில் மெக்கானிக்ஸில் தொண்ணூற்றாறு மார்க், மோதல் கணக்கில் ஆற்றலைச் சமப்படுத்துகிறவளா அவள்? அப்படிச் செய்த ஜூனியர் பையன் ஒருவனை எல்லோர் முன்னாலும் திட்டியது ஞாபகம் வந்தது. அப்புறம் எப்படி? அந்தப் பிற்பகலுக்குப் போனாள். மேஜை. ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மொலாசஸ் டேங்க், அதன் புளித்த வாடை, மின்சாரம் போய்ப் போய் வந்தது, செங்குட்டுவன் எதிரே நாற்காலியில், டீ ஆறிக்கொண்டிருந்தது. "என்ன வேகம் வருது மேடம்?" என்று கேட்டார், அவசரமே இல்லாத குரலில். அவள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள்? எழுதிக்கொண்டிருந்தாள். எதை? ரஃப் நோட்டில். வேண்டாம், இதற்கு மேல் வேண்டாம் என்று மனம் சுண்டி இழுத்தது, மின்விசிறியைப் பார், அதன் மூன்றாவது இறக்கை லேசாக வளைந்திருக்கிறது பார், ஒவ்வொரு சுற்றிலும் டக் என்கிறது பார். டக். டக். ரஃப் நோட்டில் முதலில் எழுதியது உந்தம். எட்டு பெருக்கல் ஒன்று புள்ளி நான்கு, வகுத்தல் இரண்டு. ஐந்து புள்ளி ஆறு என்று வந்தது. வந்தது. அவள் அதைப் பார்த்தாள். இவ்வளவு வராதே என்று நினைத்தாள். டிராலி தானாகத்தானே உருண்டது, நாற்பது சென்டிமீட்டரிலிருந்து உருண்டால் இரண்டு புள்ளி எட்டுதானே வரும், அப்படியானால் இது தப்பு. தப்பென்று குறுக்கே கோடு போட்டாள். எதைக் கண்டுபிடிக்கச் சொன்னார்களோ அதை முன்கூட்டியே நம்பிக்கொண்டு, நம்பியதற்கு ஒத்து வரவில்லையென்று கணக்கை அடித்தாள். அப்புறம் ஆற்றல் விதியைப் போட்டாள். இரண்டு புள்ளி எட்டு வந்தது. அச்சாக. புள்ளி பிசகாமல். அந்த நிமிஷம் உடம்பில் ஓடிய சந்தோஷம் இப்போதும் ஞாபகமிருந்தது, இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறபோது வருகிற சந்தோஷம், பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறது அது, விடை சரியா என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்த காலத்திலிருந்து. "இரண்டு புள்ளி எட்டு சார். தானா உருண்டாலும் அதேதான் வருது" என்றாள். செங்குட்டுவன் டீயை எடுத்துக் குடித்தார், ஆறியிருந்த டீயை, முகம் சுளிக்காமல். அவர் எதையும் மாற்றி எழுதச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை அவள் கோபப்பட்டிருப்பாள், முடியாது சார் என்றிருப்பாள், சரியாக எழுதியிருப்பாள். யாரும் சொல்லவில்லை. அவளாகவேதான். தெரிந்தா, தெரியாமலா? கோடு போட்ட கை யாருடையது? காருக்காகவா? கார் அப்போது ஞாபகத்தில்கூட இல்லை. இல்லையா? நிச்சயமாக இல்லையா? மனசின் எந்த மூலையில் எது நின்றுகொண்டு எதைத் தள்ளிவிட்டது என்று எந்தத் தடத்தை வைத்து அளப்பது?

"மேடம், உள்ள கூப்பிடுறாங்க" என்று ஆபீஸ் உதவியாளர் எட்டிப் பார்த்துச் சொன்னார். பதினொன்று ஆகவில்லை, பத்து ஐம்பதுதான், அந்தப் பத்து நிமிஷத்தைப் பறித்துக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லாத ஒரு ஆத்திரம் வந்தது. கலியமூர்த்தியும் உள்ளே வர வேண்டும், அவருக்கு எதிரே வைத்துத்தான் சாட்சியம். அவர் கோலை ஊன்றி எழுந்து முன்னே போகட்டும் என்று நின்றாள். அறையில் ஏ.சி. சில்லென்றிருந்தது. விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த வயதான வக்கீல், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் செங்குட்டுவன். பெயர், பதவி, எத்தனை வருஷம், எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். "இந்த அறிக்கை நீங்க தயார் பண்ணினதுதானேம்மா?" "ஆமாம் ஐயா." செங்குட்டுவன் நாற்காலியில் சாய்ந்தார். ஆமாம் சொல்லியாகிவிட்டது. ஒரே ஒரு ஆமாம். எழுந்து போய்விடலாம், கால் தயாராகத்தான் இருந்தது. "மூணாம் பக்கத்துல கணக்கு தப்பா இருக்கு ஐயா" என்று ஒரு குரல் கேட்டது, தன் குரல்தான், ஆனால் பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "என்ன தப்பு?" "டிராலியோட வேகம். நான் போட்டிருக்கிறது நிஜத்துல பாதிதான். ஒட்டிக்கிற மோதல்ல ஆற்றல் மிஞ்சாது ஐயா, உந்தம்தான் மிஞ்சும். அந்த வழியில போட்டா வேகம் ரெண்டு மடங்கு வருது. அந்த வேகத்துக்குத் தானா உருளணும்னா ஓர் ஆள் உயரத்துக்கு மேடு வேணும். நம்ம யார்டுல இருக்கிறது முழங்கால் உயரம். பின்னாலிருந்து யாரோ தள்ளியிருந்தாத்தான் அந்த வேகம் வரும்." பெரியவர் பேனாவை எடுத்தார். "அது மட்டுமில்ல" என்றாள், நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்து, "தடம் விழுந்திருக்குன்னா கரும்பு டிராலிக்குக் கைப்பிரேக் இறுக்கியிருக்குன்னு அர்த்தம். அதை இறுக்கினது இவர்தான். செய்ய வேண்டியதைச் செஞ்சிருக்கார்." செங்குட்டுவன் மெதுவாகச் சொன்னார்: "மேடத்துக்கு அம்மா உடம்பு சரியில்ல ஐயா, ரெண்டு வருஷமா. அந்த டென்ஷன்ல எழுதும்போது ஏதோ கைப்பிசகா ஆகியிருக்கும். திருத்தி எழுதிக் கொடுத்துடுவாங்க." அவளுக்கு அவர் ஒரு வழி திறந்துவிட்டார், அந்த நிமிஷத்திலும். பெரியவர் அவளைப் பார்த்தார். "அப்படியாம்மா? கைப்பிசகா? அப்படின்னே பதிவு பண்ணிக்கட்டுமா?" கைப்பிசகு என்றால் எல்லோருக்கும் நல்லது. கலியமூர்த்திக்கு வேலை நிலைக்கும், அவளுக்கு வேலை நிலைக்கும், யாருக்கும் ஒன்றும் ஆகாது, ஒரு பக்கத்தைக் கிழித்து வேறொரு பக்கம் வைத்தால் முடிந்தது. "இல்லைங்க ஐயா" என்றாள். "முதல்ல சரியாத்தான் போட்டேன். ரஃப் நோட்டுல இருக்கு. வந்த விடை பிடிக்கலைன்னு அடிச்சுட்டு வேற மாதிரி போட்டேன். யாரும் சொல்லல. நானாத்தான் செஞ்சேன். அப்படியே எழுதிக்குங்க."

அந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள், உதவியாளர் போய் எடுத்து வந்தார், பெரியவர் குறுக்குக் கோட்டை விரலால் தடவிப் பார்த்து, பக்கத்தின் மேல் கையெழுத்துப் போட்டுத் தன் கோப்பில் சேர்த்தார். இந்த அறிக்கையை வைத்துக்கொண்டு இவர் மேல் குற்றம் சாட்ட முடியாது, டிராக்டர் டிரைவரையும் யார்டு பொறுப்பாளரையும் விசாரித்தாக வேண்டும், அதுவரை ஒத்திவைப்பு என்று சொல்லி எழுதச் சொன்னார். அவளிடம் தனியாக ஒரு விளக்கக் கடிதம் கேட்கப்படும் என்றும் சொன்னார், கண்டிக்கிற குரலில் அல்ல, தேதி சொல்வதுபோல. வெளியே வந்தபோது பதினொன்றே முக்கால். செங்குட்டுவன் அவளைக் கடந்து போனார், நின்றார், திரும்பவில்லை. "அம்மாவை அஞ்சு மணிக்குக் கொண்டாந்து விட்டுடுவான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இன்றைக்கு. செவ்வாய்க்கிழமையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை. நெஞ்சுக்குள் எதுவும் லேசாகிவிடவில்லை, உண்மையைச் சொன்னால் லேசாகும் என்பார்களே, எங்கே, முன்னைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. அஞ்சலை ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், அழுதாள், "நல்லா இருப்பீங்கம்மா" என்றாள், அந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அரசி நின்றாள். நன்றி வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. கலியமூர்த்தி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோலைச் சாய்க்கவில்லை, கையிலேயே பிடித்திருந்தார். "மேடம்" என்றார். அவள் அருகே போனாள். "ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க." "கேளுங்க." "ஆஸ்பத்திரிக்கு வந்தீங்கல்ல, மறுநாளு. நோட்டு வெச்சுக்கிட்டு. நான் அப்பவே சொன்னேன். தானா வர்ற டிராலிய எனக்குத் தெரியும் மேடம், பதினெட்டு வருசமா பாக்குறேன், அது வர்ற சத்தமே வேற, ஒதுங்க நேரம் குடுக்கும். இது வந்த வேகம் வேற. தட்டி விட்டிருக்காங்கன்னு சொன்னேன். நீங்க எழுதிக்கிட்டுத்தானே இருந்தீங்க. ஏழு பக்கத்துல அது எங்க மேடம்?" குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆஸ்பத்திரி வார்டு, அவள் நோட்டு, அவர் உதடு அசைந்தது, எல்லாம் தெரிந்தது. அவர் சொன்னது மட்டும் காதில் வரவில்லை. ஒரு வார்த்தைகூட வரவில்லை. கோடு போட்டு அடித்த கணக்காவது நோட்டில் இருந்தது, இது கோடு போடும் அளவுக்குக்கூட அவளிடம் தங்கவில்லை. "அதை நான் போடல" என்றாள். அவர் தலையை ஆட்டினார், சரி என்பதுபோல, தெரியும் என்பதுபோல. பிறகு மனைவியைப் பார்த்து "போலாம்" என்றார். கோல், கால், மூச்சு. மூன்றாவது படியில் அவர் தடுமாறியபோது பிடிக்க அரசியின் கை நீண்டது. அவர் அதைப் பிடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.